வெட்சூட்டா, டிரைசூட்டா? குளிர்ந்த நன்னீரில் டைவிங் தொடங்குபவர் எதை வாங்கலாம்

அந்தமானிலோ புதுச்சேரியிலோ திருகோணமலையிலோ டைவிங் கார்டு (பயிற்சி முடித்த சான்று) வாங்கிவிட்டு டொராண்டோ பக்கம் குடியேறியவர்களுக்கு ஒரு பொதுவான குழப்பம் உண்டு. அங்கே 28 டிகிரி கடலில், 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோப்ரீன் (நுரை ரப்பர்) சூட்டில், கடை கொடுத்த கருவிகளோடு இறங்கியிருப்பார்கள். இங்கே கடைக்குள் நுழைந்தால் 500 டாலரிலும் சூட் இருக்கிறது, 4,000 டாலரிலும் சூட் இருக்கிறது. சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் ரெகுலேட்டரும் அப்படித்தான். விற்பவரைக் கேட்டால் எல்லாமே "குளிருக்கு நல்லது" என்பார்.

எதை வாங்குவது என்று யோசிக்கும் முன், எந்தத் தண்ணீரில் இறங்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தண்ணீரைப் பொறுத்துத்தான் சூட். ஈய எடை, சிலிண்டர், பி.சி.டி. (காற்று நிரப்பி மிதப்பைக் கட்டுப்படுத்தும் அங்கி), ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) நான்கும் சூட்டின் பின்னால் போகின்றன. தள்ளுபடியில் கிடைத்ததே என்று பி.சி.டி.யையும் ஃபின்னையும் முதலில் வாங்கியவர்கள் அடுத்த வருடமே அவற்றை விற்க அலைவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ரெகுலேட்டர் மட்டும் இந்த வரிசையில் சேராது. அதை ஏன் தனியாகப் பார்க்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு தண்ணீர்

ஒன்டாரியோவில் கிழக்கே போனால், கிங்ஸ்டனைத் தாண்டி பிராக்வில் பக்கம் செயின்ட் லாரன்ஸ் ஆறு. ஓடுகிற ஆறு என்பதால் தண்ணீர் மேலும் கீழும் கலந்தபடியே இருக்கும். ஆகஸ்டில் மேலே 21 டிகிரி என்றால் அடியிலும் ஏறக்குறைய அதே 21. நீரோட்டத்துக்குப் பழக வேண்டும், அவ்வளவுதான். குளிர் பெரிய பிரச்சினை இல்லை.

டோபர்மோரி கதை வேறு. டொராண்டோவிலிருந்து நாலு மணி நேரம் வண்டி ஓட்டினால் புரூஸ் தீபகற்பத்தின் முனை வரும். 1987இல் உருவான ஃபாதம் ஃபைவ் தேசியக் கடல் பூங்கா அங்கேதான் இருக்கிறது. பெயரில் கடல் இருந்தாலும் தண்ணீர் முழுக்க நன்னீர், ஹியூரான் ஏரி. இருபதுக்கும் மேற்பட்ட கப்பல் சிதைவுகள் உள்ளே கிடக்கின்றன. இறங்குபவர்கள் பூங்காவில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கோடையின் உச்சத்தில் மேல் தண்ணீர் நீந்தும்படியாகவே இருக்கும். 50, 60 அடி வாக்கில் ஒரு கோடு கிழித்த மாதிரி வெப்பம் விழும். காற்றடித்த வாரங்களில் அந்தக் கோடு மேலேயோ கீழேயோ நகர்ந்திருக்கும். அதற்குக் கீழே 5, 6 டிகிரிதான்.

காரணம் நன்னீரின் குணம். 4 டிகிரியில்தான் அது மிக அடர்த்தியாக இருக்கும். குளிர்காலம் முடிந்து 4 டிகிரிக்கு வந்த தண்ணீர் ஆழத்தில் போய்த் தங்கிவிடுகிறது. கோடை வெயில் மேல் அடுக்கைச் சூடாக்க, லேசான அந்த அடுக்கு கீழே இருப்பதன் மேல் மிதக்கிறது. எனவே "ஆகஸ்டில்தானே போகிறோம்" என்ற கணக்கு ஆழத்தில் செல்லாது.

ஒரே ஊரிலேயே இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். 1885இல் பிக் டப் துறைமுகத்தில் மூழ்கிய ஸ்வீப்ஸ்டேக்ஸ் என்ற பாய்மரக் கப்பல் 20 அடி தண்ணீரில் இருக்கிறது. மூச்சை அடக்கிக் குதித்தாலே பார்த்துவிடலாம். டைவர்களுக்காகவே 1999இல் மூழ்கடிக்கப்பட்ட நயாகரா 2 என்ற கப்பலின் அடித்தளமோ 100 அடியை ஒட்டி இருக்கிறது. தொடக்க நிலையான ஓபன் வாட்டர் கார்டுக்கு உரிய 60 அடி எல்லை, குளிர் தொடங்கும் கோட்டுக்குப் பக்கத்திலேயே வருகிறது. (கனடா மெட்ரிக் நாடுதான். ஆனால் டைவ் படகில் ஏறியதும் எல்லாம் அடி, பவுண்டு, பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) ஆகிவிடும். அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.)

சூட்

தண்ணீர் உடம்பின் வெப்பத்தைக் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உறிஞ்சும். அதைத் தடுக்க இருக்கும் வழிகளில் முதலாவது 7 மில்லிமீட்டர் வெட்சூட். 400 முதல் 700 டாலருக்குள் நல்லதாகவே கிடைக்கும். உள்ளே கொஞ்சம் தண்ணீர் புகும், உடம்பு அதைச் சூடாக்கும், நியோப்ரீனில் இருக்கும் வாயுக் குமிழிகள் குளிரைத் தடுக்கும். சிக்கல் அந்தக் குமிழிகளில்தான். 60 அடியில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் மூன்று மடங்கை நெருங்குகிறது. குமிழிகள் நசுங்கி, 7 மில்லிமீட்டர் மெலிந்துவிடும். அதாவது தண்ணீர் மிகக் குளிராக இருக்கும் இடத்தில்தான் வெட்சூட் மிக மெல்லியதாக இருக்கும். கடை வெளிச்சத்தில் தொட்டுப் பார்த்தால் தடியாகத்தான் தெரியும்.

இருந்தாலும் முதல் டைவில் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். 30 நிமிடம், கொஞ்சம் நடுக்கம், மேலே வந்ததும் சிரிப்பு. சூட்டின் தரம் தெரிவது இரண்டாவது டைவில். படகில் ஒரு மணி நேரம் ஈரச் சூட்டோடு காற்றில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஈரம் ஆவியாகிக்கொண்டே உடம்பைக் குளிர வைக்கும். மேல் பாதியைக் கழற்றினால் மறுபடி மாட்டும்போது அந்தச் சில்லென்ற நியோப்ரீன் முதுகில் ஒட்டும். செப்டம்பர் கடைசியில் இரண்டாவது டைவ் வேண்டாம் என்று படகிலேயே உட்கார்ந்துவிடுபவர்கள் அநேகமாக வெட்சூட்காரர்கள்தான். நாலு மணி நேரம் ஓட்டி வந்து, படகுக்குப் பணம் கட்டி, பாதி டைவ் செய்துவிட்டுத் திரும்புவது எனக்கு நல்ல கணக்காகத் தெரியவில்லை.

செமி-டிரை என்று ஒன்று உண்டு. அதுவும் வெட்சூட்தான். கை, கால், கழுத்தில் இறுக்கமான மடிப்புகள், கெட்டியான ஜிப் வைத்து உள்ளே வரும் தண்ணீரைக் குறைத்திருப்பார்கள். சாதாரண 7 மில்லிமீட்டரைவிட நிச்சயம் மேல். ஆனால் நசுங்குவதும் படகில் நடுங்குவதும் இதற்கும் உண்டு. சனிக்கிழமைதோறும் பக்கத்துக் குவாரியில் (நீர் நிறைந்த பழைய கல்குழி) ஒரே ஒரு டைவ் என்று இருப்பவருக்கு இது பொருந்தும். டோபர்மோரி ஆசை இருப்பவர் இதில் 800, 900 டாலர் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு வருடத்தில் எப்படியும் டிரைசூட்டுக்குத்தான் போவார்.

டிரைசூட்டில் தண்ணீர் உள்ளேயே வராது. டிரைலாமினேட் வகை மழைக்கோட்டு மாதிரி, அதற்கென்று கதகதப்பு எதுவும் கிடையாது. உள்ளே போடும் உடைதான் குளிரைத் தாங்கும். நியோப்ரீன் டிரைசூட்டுக்குத் தானாகவே கொஞ்சம் கதகதப்பு உண்டு, ஆனால் கனம், காய நேரமாகும். வருடம் முழுக்கக் குளிராகவே இருக்கும் இடத்தில் நியோப்ரீன் சரிதான். மேலே 20, கீழே 5 என்று இருக்கும் ஒன்டாரியோவில் நான் டிரைலாமினேட் பக்கம். ஜூலையில் மெல்லிய ஃபிலீஸ், அக்டோபரில் தடித்த உள்ளுடை என்று மாற்றிக்கொள்ளலாம். எந்த மாதமானாலும் பருத்தி பனியன் மட்டும் உள்ளே வேண்டாம். வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு, அது நம்மைக் குளிர வைக்கும்.

விலை 2,000 டாலருக்கு மேல் தொடங்கும். உள்ளுடைக்குச் சில நூறு, பயிற்சிக்குச் சில நூறு. பயிற்சி கட்டாயம். சூட்டுக்குள் இருக்கும் காற்று நீங்கள் தலைகீழானால் காலுக்கு ஓடும், கால் மேலே இழுக்கும், கட்டுப்பாடில்லாமல் மேலே போய்விடுவீர்கள். மார்பில் காற்று விடும் பொத்தான், இடது தோளுக்குக் கீழே வெளியேற்றும் வால்வு. இரண்டையும் கை யோசிக்காமல் செய்ய ஆரம்பிப்பதற்குச் சில டைவ்கள் ஆகும். மிதப்பையே இன்னும் பழகாத புதியவருக்கு இது கூடுதல் சுமைதான். அதனால்தான் கார்டு வாங்கிய வாரமே டிரைசூட் வாங்கச் சொல்ல மாட்டேன்.

நம் ஆட்களுக்கு ஒரு தனிக்குறிப்பு. கழுத்திலும் மணிக்கட்டிலும் இருக்கும் லேடெக்ஸ் சீல் எண்ணெய் பட்டால் நைந்துபோகும். தேங்காயெண்ணெய் தேய்த்த தலையை அதற்குள் நுழைக்காதீர்கள். முதல் நாளே சீயக்காய் போட்டுக் குளித்துவிடுங்கள். மோதிரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். ஒரு கீறல் போதும். நீண்ட கூந்தல் இருப்பவர்கள் தாழப் பின்னி, ஒரு முடியும் சீலுக்கு அடியில் மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாட்டினால் அந்த ஒரு முடி வழியாகத் தண்ணீர் இறங்கும். லேடெக்ஸ் ஒவ்வாமை இருந்தால் சிலிக்கோன் சீல் கேளுங்கள்.

ஆக, செயின்ட் லாரன்ஸும் ஸ்வீப்ஸ்டேக்ஸ் போன்ற ஆழமில்லாத இடங்களும், ஜூன் முதல் செப்டம்பர் வரையும் போதும் என்றால் 7 மில்லிமீட்டர் வெட்சூட் வாங்கிவிடுங்கள், பணம் வீணாகாது. டோபர்மோரியில் 60 அடிக்குக் கீழே போகவோ, மே மாதத்திலும் அக்டோபரிலும் இறங்கவோ ஆசை இருந்தால் முதல் கோடையை வாடகை வெட்சூட்டில் ஓட்டிவிட்டு, முடிவில் டிரைசூட் பயிற்சியில் சேருங்கள். சூட்டையும் சேர்த்துத் தரும் பயிற்சியாகப் பாருங்கள். வாங்கும் முன் உங்களுக்கு எந்த அளவு பொருந்துகிறது, கழுத்து சீல் மூச்சு முட்டுகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

சூட்டின் பின்னால் வருபவை

நன்னீர் கடல் நீரைவிட இரண்டரை சதவீதம் லேசானது. கருவிகளோடு 240 பவுண்டு இருக்கும் ஒருவர் கடலில் கட்டியதைவிட 6 பவுண்டு குறைவாக ஈயம் கட்டினால் போதும். கணக்கு சரி, ஆனால் இதை நம்பி வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். புதுச்சேரியில் 3 மில்லிமீட்டரில் 8 பவுண்டு கட்டியவர் இங்கே 7 மில்லிமீட்டர் சூட், ஹூட் (தலைமூடி), பூட்டோடு 20 பவுண்டைத் தாண்டுவார். நன்னீரில் மிச்சமானதை, மிதக்கும் தடித்த நியோப்ரீன் சேர்த்து வாங்கிக்கொள்கிறது.

இந்த ஈயத்தை எங்கே வைப்பது என்பதில்தான் சிலிண்டரும் பி.சி.டி.யும் வருகின்றன. எங்கும் கிடைக்கும் அலுமினியம் 80 (80 கன அடி) சிலிண்டர் நிறைந்திருக்கும்போது லேசாக மூழ்கும், காலியாகும்போது 4 பவுண்டு அளவுக்கு மேலே இழுக்கும். டைவின் கடைசியில், 15 அடியில் பாதுகாப்புக்காக மூன்று நிமிடம் நிற்க வேண்டிய நேரத்தில், நசுங்கியிருந்த நியோப்ரீனும் விரிந்துவிட்டிருக்கும். இரண்டும் சேர்ந்து உங்களைத் தூக்கும். அதைச் சமாளிக்கவே கூடுதல் ஈயம். 100 கன அடி ஸ்டீல் சிலிண்டர் காலியானாலும் மிதக்க ஆரம்பிக்காது. இடுப்பில் 5, 6 பவுண்டு குறையும், காற்றும் அதிகம். விலை இரட்டிப்புக்குப் பக்கம். வாடகைக்கு ஸ்டீல் கிடைக்கும் கடையாகப் பார்த்துப் போவது புதியவருக்கு நல்லது.

பி.சி.டி.யில் ஜாக்கெட் வகைக்கும், ஸ்டீல் பேக்பிளேட்டில் (முதுகுத் தகடு) விங் எனும் காற்றுப்பையைக் கட்டும் வகைக்கும் இடையில்தான் போட்டி. ஜாக்கெட் புதியவருக்குப் பழகிய ஒன்று. தண்ணீர் மேல் நிமிர்ந்து மிதக்க வைக்கும். பேக்பிளேட்டின் 6 பவுண்டு முதுகுக்குப் போவதால் இடுப்பு ஈயம் இன்னும் குறையும். வெட்சூட்டிலிருந்து டிரைசூட்டுக்கு மாறினாலும் பட்டையை நீட்டிக்கொண்டால் போதும். ஜாக்கெட் அப்படியில்லை. வெட்சூட்டுக்கு இறுக்கமாக எடுத்தது டிரைசூட்டின் மேல் மாட்டவே மாட்டாது. என் ஓட்டு பேக்பிளேட்டுக்குத்தான். ஒரு எச்சரிக்கை: ஸ்டீல் சிலிண்டர், ஸ்டீல் பிளேட், அதோடு தடித்த வெட்சூட் என்றால் ஆழத்தில் சூட் நசுங்கியதும் மொத்தக் கனமும் விங்கின் பொறுப்பு. விங் கிழிந்தால் நீந்தியே மேலே வர முடியுமா என்று யோசித்துவிட்டு, கழற்றி எறியக்கூடிய ஈயம் கொஞ்சமாவது இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபின்னை பூட் வாங்கிய பிறகே வாங்க வேண்டும். டிரைசூட் பூட்டின் அகலத்துக்கு வெட்சூட் ஃபின் போகாது. கனமான ரப்பர் ஃபின்களை டிரைசூட்காரர்கள் விரும்புவது, காலுக்கு ஓடும் காற்றை அவை கீழே பிடித்து வைப்பதால்.

ரெகுலேட்டர்

மற்றதெல்லாம் வசதி சம்பந்தப்பட்டது. இது மூச்சு. சூட் எதுவானாலும், ஆறானாலும் ஏரியானாலும், இதில் மட்டும் விலை பார்த்து இறங்கி வர வேண்டாம்.

சிலிண்டரில் 3,000 பி.எஸ்.ஐ.யில் இருக்கும் காற்று, சிலிண்டரோடு மாட்டும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் ஒரே தாவலில் 140 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறங்குகிறது. விரியும் காற்று குளிரும், உலோகத்தின் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். கடல் நீர் உறைய மைனஸ் 2 டிகிரி வரை வேண்டும், நன்னீருக்கு 0 போதும். 4 டிகிரி நன்னீரில் அந்த இடைவெளி மிகக் குறைவு. ஸ்பிரிங்கைச் சுற்றி இருக்கும் தண்ணீர் உறைந்தால் வால்வு மூட முடியாமல் திறந்தபடியே நின்றுவிடும். காற்று நிற்காமல் கொட்டும். இதுதான் ஃபிரீஃப்ளோ. முழு அலுமினியம் 80 சில நிமிடங்களில் காலியாகிவிடும்.

ஒரு மே மாதக் குவாரிப் பயிற்சியில் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வாடகை ரெகுலேட்டர் போட்டிருந்த ஒருவர் மூச்சை இழுத்துக்கொண்டே பி.சி.டி.க்குக் காற்றும் விட்டார். ஒரு சீறல், அப்புறம் முகம் தெரியாத அளவுக்குக் குமிழி. பயிற்சியாளர் தன் இரண்டாவது ரெகுலேட்டரைக் கொடுத்து மேலே கூட்டி வந்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. கரையில் வைத்துப் பார்த்தால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மேல் வெள்ளைப் படலமாக ஐஸ், நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. தண்ணீர் அன்று 6 டிகிரி. ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்குக் காற்று போனதால் குளிர்ச்சியும் கூடிவிட்டது.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் திறந்த பிஸ்டன் வகை என்றால் தண்ணீர் நேராக ஸ்பிரிங்கைத் தொடும். விலை குறைந்த, வெப்பக் கடலுக்கு அருமையான ரெகுலேட்டர்கள் பல இந்த வகைதான். சீல் செய்த டயஃப்ரம் (சவ்வு) வகையில் தண்ணீருக்கு உள்ளே வேலையில்லை. ஏபெக்ஸ் ரெகுலேட்டர்கள் இந்த வகையில் பெயர் பெற்றவை, ஸ்கூபாப்ரோவின் எம்.கே. 17ஐயும் சொல்லலாம். சுவீடனின் பொசைடனும் குளிர் நீருக்குப் பெயர் பெற்ற நிறுவனம். உறைபனியைத் தடுக்கும் ஏற்பாடுகளோடு நல்ல பிஸ்டன் மாடல்களும் இப்போது வருகின்றன, ஆனால் புதியவருக்கு சீல் செய்த டயஃப்ரம்தான் யோசிக்காமல் எடுக்கக்கூடியது. ஐரோப்பிய இ.என். 250 தரமுத்திரைக்குப் பக்கத்தில் "10 டிகிரிக்கு மேல்" என்ற குறி பொறித்திருந்தால் அது குளிர் நீருக்கானது அல்ல. விற்பவர் என்ன சொன்னாலும் அந்தக் குறியைப் பாருங்கள். வாய்ப்பகுதியான செகண்ட் ஸ்டேஜில் உலோகம் இருப்பதும் நல்லது. சுற்றியிருக்கும் தண்ணீரின் வெப்பத்தை அது உள்ளே கடத்தும், பிளாஸ்டிக் கடத்தாது.

சிலிண்டர் இணைப்பில், கவ்விப் பிடிக்கும் யோக்கைவிட, திருகி மாட்டும் டின் (DIN) கெட்டியானது. யோக்கில் மாட்ட ஒரு அடாப்டர் வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போதும் கவலையில்லை. டிரைசூட் குழாய்க்கு ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் ஒரு துளை மிச்சம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். எல்லாம் சேர்த்து 900 முதல் 1,500 டாலர் ஆகும். எந்த ரெகுலேட்டரானாலும் குளிர்காற்றில் கரையில் நின்று சோதிக்கிறேன் என்று உறிஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். மூச்சின் ஈரம் அங்கேயே உறைந்துவிடும்.

சில்லறைச் சாமான்கள்

மாஸ்க் முகத்துக்குப் பொருந்தினால் போதும், 60 டாலரும் 200 டாலரும் ஒன்றுதான். மீசை வைத்தவர்கள் மூக்கின் அடியில் ஒரு கோடு அளவுக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஹூட் 7 மில்லிமீட்டர், அதுவும் சொந்தமாக. இரவல் ஹூட் கழுத்தில் தளர்ந்தால் ஒவ்வொரு முறை தலை திருப்பும்போதும் ஐஸ் தண்ணீர் உள்ளே ஓடும். கையுறை 5 மில்லிமீட்டர் கோடைக்கு. ஆழத்துக்கு மூன்று விரல் மிட்டன் அல்லது டிரைசூட்டோடு சேரும் உலர் கையுறை. கடையிலேயே கையுறையை மாட்டிக்கொண்டு கொக்கிகளைத் திறந்து மூடுங்கள், ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்துங்கள். வெறுங்கையால் எல்லாமே சுலபம்தான்.

டைவ் கம்ப்யூட்டரில் நன்னீர், உப்புநீர் என்று மாற்றும் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். மாற்றாவிட்டால் 100 அடி 97 என்று காட்டும். பாதுகாப்பான நேரக் கணக்குக்கு அது எடுத்துக்கொள்வது அழுத்தத்தை, அது சரியாகவே இருக்கும். மங்கிய பச்சைத் தண்ணீரில் படிக்கக்கூடிய பெரிய எழுத்துக்குப் பணம் கொடுக்கலாம்.

கையில் 2,000 டாலர் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டால்: மாஸ்க், ஹூட், கையுறை, பூட் முதலில். மிச்சத்தில் நல்ல ரெகுலேட்டர், அப்புறம் நடுத்தரக் கம்ப்யூட்டர். சூட், சிலிண்டர், பி.சி.டி., ஃபின் எல்லாம் வாடகை. டிரைசூட் முடிவான பிறகு இந்தப் பட்டியலில் பூட்டைத் தவிர எதுவும் வீணாகியிருக்காது.

பழையதாக வாங்க நினைத்தால் ஈயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பேக்பிளேட்டும் அப்படித்தான். ரெகுலேட்டர் என்றால் சர்வீஸ் உதிரிகள் இன்னும் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு, சர்வீஸ் செலவையும் விலையில் சேருங்கள். டிரைசூட்டில் ஜிப்பை வளைத்து, பல்லுக்கு நடுவே துணி நைந்திருக்கிறதா பாருங்கள். சீல் மாற்றுவது சின்னச் செலவு, ஜிப் மாற்றுவது பெரிய செலவு. சிலிண்டரின் தோளில் பொறித்திருக்கும் எழுத்துகளை விரலால் தடவியாவது படியுங்கள். டி.சி. என்ற கனடா முத்திரை வேண்டும். அமெரிக்க டாட் முத்திரை மட்டும் இருப்பதை எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து மலிவாக வாங்கி வந்தால் இங்கே நிரப்ப மறுக்கக்கூடும். பக்கத்திலேயே கடைசி ஹைட்ரோ சோதனையின் (அழுத்தம் தாங்குகிறதா என்ற சோதனை) மாதமும் வருடமும் இருக்கும். அது ஐந்து வருடத்தைத் தாண்டியிருந்தால் சோதனைச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.